காது ஜவ்வு ஓட்டைக்கு ஆபரேஷனா? போகும் முன் செய்ய வேண்டியதும், வந்த பின் செய்யக்கூடாததும்

காதில் சீழ் வடிவதை எங்கள் ஊரில் யாரும் நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. சளி பிடித்தால் மூக்கு ஒழுகும், ஐப்பசி மழை பிடித்தால் இவனுக்குக் காது ஒழுகும், அவ்வளவுதான் கணக்கு. எனக்கு 8 வயதில் ஆரம்பித்தது. 34 வயது வரை இடது காதில் பஞ்சோடுதான் திரிந்தேன், பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்காருபவர் வலது காதுப் பக்கம் வருகிற மாதிரி சீட்டைத் தேடுவேன். அப்புறம் இரண்டு ஆபரேஷன். முதலாவது ஒட்டவில்லை, அதற்குப் பாதிக் காரணம் நான்தான். இரண்டாவது ஒட்டியது. தியேட்டருக்குள் டாக்டர் வேலை பார்ப்பது ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ. அதற்கு முன்னால் ஒன்றிரண்டு மாதமும் பின்னால் மூன்று மாதமும் வேலை நம்முடையது. அந்த நம்முடைய வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, இரண்டு முறை மேஜையில் படுத்தவன். உங்கள் காதைப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

எந்த ரக ஓட்டை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

காது ஜவ்வு என்று நாம் சொல்லும் செவிப்பறை ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான், குறுக்கே 9 மில்லிமீட்டர் இருக்கும், தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குப் பின்னால் இருக்கும் நடுக்காதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் சங்கிலி மாதிரி கோத்திருக்கின்றன. அகலமான ஜவ்வில் விழும் சத்தத்தைச் சின்னஞ்சிறு அங்கவடியின் அடியில் குவிப்பதாலும் எலும்புகள் நெம்புகோல் போல வேலை செய்வதாலும் அழுத்தம் கிட்டத்தட்ட 22 மடங்கு ஏறி உள்காதுக்குப் போகிறது. ஜவ்வில் ஓட்டை விழுந்தால் அந்தப் பெருக்கம் போய்விடும். ஓட்டை மட்டும் என்றால் 40 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) வரை காது மந்தமாகலாம், எலும்புச் சங்கிலியும் அறுந்திருந்தால் அது 60 வரை போகும்.

எல்லா ஓட்டைக்கும் ஆபரேஷன் தேவையில்லை. கன்னத்தில் அறை வாங்கியோ, பக்கத்தில் பட்டாசு வெடித்தோ, காது குடையும்போது குச்சி இடித்தோ கிழிந்த ஜவ்வு, தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே மூடிக்கொள்ளும். வருஷக்கணக்கில் விட்டு விட்டுச் சீழ் வடியும் காதில் இருக்கும் ஓட்டைதான் மூடாது, ஏனென்றால் அதன் விளிம்பு ஆறி முடிந்து, கம்மல் குத்திய துளை மாதிரி தோல் கட்டிவிடும்.

இதில் இரண்டு ரகம் உண்டு, டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: "என்னுடையது எந்த ரகம் சார்?" ஒன்றில் ஜவ்வின் நடுவே ஓட்டை இருக்கும், சளி பிடிக்கும்போது கொழகொழவென்று நிறைய ஒழுகும், நாற்றம் அவ்வளவாக இருக்காது. தொல்லைதான், ஆனால் அவசரம் இல்லை. இன்னொன்றில் கொஞ்சமாகத்தான் வடியும், ஆனால் பக்கத்தில் உட்கார முடியாத நாற்றம். ஜவ்வின் மேல் பகுதியோ ஓரமோ உள்ளே இழுக்கப்பட்டு, அந்தப் பைக்குள் தோல் செதில் சேர்ந்து சேர்ந்து எலும்பை அரிக்கும். கொலஸ்டியேட்டோமா என்று பெயர். கொலஸ்ட்ராலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, கேன்சரும் இல்லை, பெயர் வைத்தவர் குழப்பிவிட்டார். ஆனால் அரித்துக்கொண்டே போனால் முக நரம்பு, உள்காது, மூளைச் சவ்வு வரை போய்விடும். இந்த ரகத்துக்கு வெறும் ஜவ்வு ஒட்டுவது போதாது, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பைக் குடைந்து சுத்தம் செய்துவிட்டுத்தான் ஒட்டுவார்கள். அங்கே முதல் நோக்கம் உயிருக்கு ஆபத்து இல்லாத, வடியாத காது. கேட்பது அதற்கப்புறம்தான்.

காது வடியும் ஆளுக்குத் திடீரென்று வாய் கோணினாலோ, நிற்க முடியாத தலைச்சுற்றல் வந்தாலோ, காய்ச்சலோடு கடுமையான தலைவலியும் வாந்தியும் வந்தாலோ, காதுக்குப் பின்னால் வீங்கினாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். திங்கட்கிழமை ஓபி பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

சோதனைகள்

இஎன்டி டாக்டர் மைக்ராஸ்கோப்பிலோ எண்டோஸ்கோப்பிலோ காதைச் சுத்தம் செய்து பார்ப்பார், காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் எழுதுவார், எலும்பு அரித்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் சிடி ஸ்கேன். சீழ் நிற்கவே இல்லை என்றால் அதில் என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சர். எனக்கு இதிலெல்லாம் பிடித்தது அந்த இசைக்கவை (தட்டினால் ஒலிக்கும் ட்யூனிங் ஃபோர்க்) சோதனை. டாக்டர் கவையை முழங்கையில் தட்டி, அதிர்வதை என் நெற்றி நடுவில் வைத்து, எந்தக் காதில் கேட்கிறது என்றார். வலதில் கேட்கும் என்று நினைத்தேன், சத்தம் முழுக்கக் கெட்ட இடது காதுக்குப் போனது! நீங்களே செய்து பார்க்கலாம்: ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகுங்கள், அடைத்த காதில்தான் சத்தம் பெரிதாகக் கேட்கும். ஜவ்விலோ எலும்பிலோ குறை இருந்தால் இப்படி ஆகும், நரம்பு பழுதாகியிருந்தால் சத்தம் நல்ல காதுக்குப் போகும். நரம்பு நன்றாக இருந்தால்தான் ஜவ்வை ஒட்டுவதால் கேட்கும் திறன் கூடும். ஆகையால் ஆடியோகிராம் தாளில் எலும்பு வழியாகக் கேட்பதற்கு ஒரு கோடும் காற்று வழியாகக் கேட்பதற்கு ஒரு கோடும் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கேளுங்கள். அந்த இடைவெளிதான் ஆபரேஷனால் மீட்கப் பார்க்கிற அளவு. அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள், மூன்று மாதம் கழித்து எடுப்பதோடு ஒப்பிட வேண்டும்.

காதை உலர வையுங்கள்

ஈரக்காதிலும் ஆபரேஷன் செய்பவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே ஒட்டுவதும் உண்டு. ஆனாலும் பெரும்பாலான டாக்டர்கள் சில வாரமாவது காது வடியாமல் இருந்தால் நல்லது என்பார்கள். இங்கேதான் நம் ஆட்கள் தோற்பது. பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், தாய்ப்பால், கோழி இறகு, பஸ் ஸ்டாண்டில் காது குடைந்துவிடுபவர், எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்துங்கள். ஓட்டை இருக்கிற காதில் ஊற்றும் எதுவும் நேரே நடுக்காதுக்குள் போகிறது என்பதை மனதில் வைத்தால் போதும். என் பாட்டி நல்ல எண்ணத்தில் ஊற்றிய எண்ணெய்தான் எத்தனை தீபாவளிக்கு என்னை மருத்துவமனை வராந்தாவில் உட்கார வைத்தது!

குளிக்கும்போது வெறும் பஞ்சு வைத்தால் அது தண்ணீரை உறிஞ்சி உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கும். பஞ்சு உருண்டையில் வாஸ்லினை நன்றாகப் பூசி, காது வாயை மூடுகிற மாதிரி வைத்து, குளித்து முடித்ததும் எடுத்துவிடுங்கள், நாள் பூரா வைத்திருக்காதீர்கள். தலைக்கு ஊற்றும்போது தலையை மறுபக்கம் சாய்க்காமல் நேராக வைத்துக்கொள்ளுங்கள். கிணறு, ஆறு, நீச்சல் குளம் கிடையாது.

சீழ் வடிந்தால் சுத்தமான பருத்தித் துணியையோ டிஷ்யூ பேப்பரையோ திரி மாதிரி முறுக்கி, காதில் வைத்து ஊறவிட்டு எடுத்து எறியுங்கள், திரி காய்ந்து வெளியே வரும் வரை புதுத் திரி, புதுத் திரி என்று மாற்றுங்கள், அப்புறம்தான் சொட்டு மருந்து. சீழுக்கு மேலே மருந்தை விட்டால் சீழில்தான் மிதக்கும். மருந்துப் புட்டியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றுங்கள், சில்லென்று விட்டால் தலை சுற்றும். படுத்து, விட்டு, காது வாயில் முன்னால் இருக்கும் குமிழை நாலைந்து தடவை அமுக்கிவிட்டால் மருந்து உள்ளே இறங்கும். தொண்டையில் கசந்தால் பயப்படாதீர்கள், ஓட்டை வழியாக நடுக்காதிலிருந்து தொண்டைக்குப் போகும் குழாயில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

எந்தச் சொட்டு மருந்து என்பதில் விளையாடாதீர்கள். மருந்துக் கடையில் "காது வலிக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்குவது ஆபத்து. ஜென்டாமைசின், நியோமைசின் வகைகள் ஓட்டை வழியாக உள்காதுக்குப் போனால் நரம்பைக் கெடுக்கலாம். அதனால்தான் டாக்டர்கள் பொதுவாகச் சிப்ரோஃப்ளாக்சசின் வகையை எழுதுகிறார்கள். அழுக்கு கரைக்கும் சொட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு, சிரிஞ்சில் தண்ணீர் அடித்துக் கழுவுவது எதுவும் வேண்டாம்.

மூக்கையும் பாருங்கள். அந்தக் குழாய் நடுக்காதிலிருந்து மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேல்பக்கத்துக்குப் போகிறது, மூக்கடைப்பு, அலர்ஜி, சைனஸ் எல்லாம் அந்தக் குழாயை அடைத்து ஒட்டிய ஜவ்வை உள்ளே இழுத்துவிடும். சிகரெட், பீடி பிடிப்பவர் நிறுத்தத்தான் வேண்டும், புகை பிடிப்பவர்களுக்கு ஒட்டாமல் போவது அதிகம். ஆபரேஷன் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் சளியோ இருமலோ வந்தால் வெட்கப்படாமல் போன் செய்து தேதியை மாற்றுங்கள். நான் மாற்றவில்லை. ஆபீசில் லீவு வாங்கியாயிற்று, மாமியார் ஊரிலிருந்து வந்தாயிற்று, சும்மா மூக்கு ஒழுகல்தானே என்று மாத்திரை போட்டுக்கொண்டு போய்ப் படுத்தேன்.

உள்ளே என்ன செய்கிறார்கள்

சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒட்டுப் போடும் முன் ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்ப்பார்கள், வழவழப்பு போனால்தான் பிடிக்கும். இங்கேயும் அதேதான். ஆறிப்போன விளிம்பை நுண்கருவியால் வெட்டி மறுபடி பச்சைப் புண்ணாக்குகிறார்கள், புண்தானே ஆறும். ஒட்டுத்துண்டு நம் உடம்பிலிருந்தே எடுக்கப்படுகிறது: காதுக்கு மேலே மெல்லும்போது அசைகிற தசை இருக்கிறதே, அதன் மேல் போர்த்திய வெள்ளை உறை. அதை எடுத்து, ஒட்டியிருக்கும் தசையைச் சுரண்டி, விரித்துக் காயவைத்தால் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிடுகிறது, அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். சிலருக்குக் காது முன்குமிழின் குருத்தெலும்பை மெல்லிசாகச் சீவி வைப்பார்கள், அது கொஞ்சம் விறைப்பாக நிற்கும், மறு ஆபரேஷன்களிலும் ஜவ்வு உள்ளே இழுபடும் காதுகளிலும் அதை அதிகம் விரும்புகிறார்கள். பஞ்சர் கடைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம், ஒட்டுத்துண்டைப் பெரும்பாலும் உள்பக்கமிருந்து அண்டை கொடுக்கிறார்கள். அது விழுந்துவிடாமல் கீழே ஜெல்ஃபோம் என்ற கரையும் பஞ்சைச் சாரம் கட்டியது போல நிரப்புகிறார்கள். சில வாரத்தில் ஜெல்ஃபோம் கரைந்துவிடும், அதற்குள் புதுத் தோல் ஒட்டுத்துண்டின் மேல் படர்ந்துவிட வேண்டும். ஓட்டை பெரிதாகவோ ஜவ்வின் முன்பக்கத்திலோ இருந்தால் இது கொஞ்சம் சிரமம்.

1950களில் ஜெர்மனியில் வுல்ஸ்டைன், சோல்னர் என்ற இரண்டு டாக்டர்கள் இந்த ஆபரேஷனை ஒழுங்குபடுத்தினார்கள். அவர்கள் முதலில் தோலை வைத்துத்தான் ஒட்டினார்கள், தசை உறைக்கு மாறியது அதற்கப்புறம்.

காதுக்குப் பின்னால் வெட்டியும் செய்வார்கள், காதுத் துளை வழியாகவே எண்டோஸ்கோப் விட்டும் செய்வார்கள். வெளித்தழும்பு இல்லாததற்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த டாக்டருக்கு எது கை வந்த கலையோ அதையே செய்யச் சொல்லுங்கள். முழு மயக்கமும் உண்டு, மரத்துப்போகும் ஊசி போட்டு விழித்தபடியே செய்வதும் உண்டு. எனக்கு முதல் தடவை விழித்தபடி. பச்சைத் துணிக்கு அடியில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன், வலி இல்லை, ஆனால் உறிஞ்சுகுழாயின் சத்தம் காதுக்குள்ளேயே ஜூஸ் கடை ஸ்ட்ரா மாதிரி கேட்டது. இருமல் வரும்போலிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றார்கள், சளியோடு போன எனக்கு அதுதான் பெரிய அவஸ்தை. குழந்தைகளுக்கும் பதற்றப்படுபவர்களுக்கும் முழு மயக்கம்தான் சரி.

சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் முன்பே சொல்லுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இரண்டு காதிலும் ஓட்டை என்றால் பொதுவாக அதிகம் கெட்ட காதைத்தான் முதலில் செய்வார்கள். இந்த ஒரு காதில்தான் கேட்கிறது என்ற நிலை இருந்தால், அவசியமா என்று இரண்டாவது டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஆபத்துகளையும் கேளுங்கள்: ஒட்டாமல் போவது, நாக்கில் ருசி மாறுவது, காது இரைச்சல், தலைச்சுற்றல், மிக அபூர்வமாக முக நரம்புப் பாதிப்பு, நரம்புக் காது கேளாமை. பணம் என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் இஎன்டி பிரிவில் இது வாராவாரம் நடக்கிற சாதாரண ஆபரேஷன். தனியார் மருத்துவமனை என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கவுன்ட்டரில் அட்டையைக் காட்டி, இந்த ஆபரேஷன் அங்கே அதில் வருமா என்று அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

தலையைச் சுற்றிய பெரிய கட்டு ஓரிரு நாளில் போய்விடும். காதுக்குப் பின்னால் போட்ட தையலை ஒரு வாரம் பத்து நாளில் பிரிப்பார்கள், கரையும் நூல் என்றால் அதுவும் இல்லை. காதுக்குள் வைத்த திரியை டாக்டர்தான் எடுக்க வேண்டும். முனை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு வரும், கை பரபரக்கும், இழுத்துவிடாதீர்கள். ரத்தம் கலந்த நீர் கொஞ்சம் கசிந்தால் பரவாயில்லை, வெளியில் இருக்கும் பஞ்சை மட்டும் மாற்றுங்கள்.

காது முதலில் இன்னும் மோசமாகத்தான் கேட்கும், ஏனென்றால் உள்ளே வெளியே இரண்டு பக்கமும் பஞ்சு. தலைகாணியில் படுத்தால் பொரி பொரிவது போலச் சத்தம் வரும், களக் களக் என்று ஏதோ உடைவது போல இருக்கும். ஒரு வாரத்துக்கு முறுக்கு கடிக்க முடியாது, உறை எடுத்த தசைதான் மெல்லுவதற்கும். எனக்கு நாக்கின் இடது ஓரத்தில் இரண்டு மாதம் சாம்பாரும் காபியும் தகர டப்பாவை நக்கியது போல இருந்தது. ருசிக்கான ஒரு நரம்பு ஜவ்வுக்குப் பின்னாலேயே ஓடுகிறது, அதைத் தொட்டால் இப்படி ஆகும், பெரும்பாலும் சரியாகிவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். மூக்கைச் சிந்தாதீர்கள். நாம் மூக்கைப் பிடித்துப் பலமாகச் சிந்தும்போது காற்று நடுக்காதுக்குப் போகும் அந்தக் குழாய் வழியாகப் பாய்ந்து, ஈரமாக உட்கார்ந்திருக்கும் ஒட்டுத்துண்டை உள்ளிருந்து தள்ளுகிறது. சளியை உள்ளே இழுத்துத் துப்புங்கள், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். இதை முதல் தடவை எனக்கு யாரும் சொல்லவில்லை, சொன்னார்களோ என்னவோ, டிஸ்சார்ஜ் தாளில் ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது, நர்ஸ் மாத்திரை வேளையை மட்டும் சொல்லி அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் காலையில் வாஷ்பேசினில் நின்று மூக்கைச் சிந்தினேன், காதுக்குள் 'புஸ்' என்று காற்று வந்தது. ஆறாவது வாரம் டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சளியா, சிந்தலா, எது கெடுத்தது என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அதனால் கிளம்பும் முன்பே கேட்டுத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எப்போது தலைக்குக் குளிக்கலாம், எப்போது வேலைக்குப் போகலாம், எப்போது விமானம் ஏறலாம். விமானத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவும் டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு. கனமான எதையும் தூக்காதீர்கள், குடத்தையும் சிலிண்டரையும் வேறு யாராவது தூக்கட்டும். மலச்சிக்கல் இருந்தால் முக்காதீர்கள், மருந்து கேளுங்கள். தையல் பிரிக்கும் வரை ஹெல்மெட் போட முடியாது, ஆகவே வண்டியும் ஓட்டக்கூடாது. காதில் இயர்போன் செருகுவது டாக்டர் அனுமதித்த பிறகுதான். தலைக்குக் குளிக்க ஆரம்பித்தாலும் வாஸ்லின் பஞ்சு தொடரட்டும். சீழ் நாற்றம் திரும்பினாலோ, வலி குறையாமல் ஏறினாலோ, காய்ச்சல், கடுமையான தலைச்சுற்றல், வாய் கோணல் வந்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.

ஒட்டியதா இல்லையா என்று ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். நல்ல கைகளில் பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு ஒட்டுகிறது. ஒட்டுவதும் கேட்பதும் வேறு வேறு, ஜவ்வு முழுசாக மூடியும் எலும்பு அறுந்திருந்தால் மந்தம் மிச்சம் இருக்கும், அதற்கு எலும்புச் சங்கிலியைச் சரிசெய்வதோ கேட்கும் கருவியோ தேவைப்படலாம். என் மாமா ஒருவருக்கு 70 வயது, வறண்ட சின்ன ஓட்டை, தொந்தரவே இல்லை. அவர் ஆபரேஷன் வேண்டாம் என்று கருவி மாட்டிக்கொண்டார், அதுவும் சரிதான்.

இரண்டாவது ஆபரேஷன் எனக்கு ஒன்றரை வருஷம் கழித்து நடந்தது, குருத்தெலும்பு வைத்து, பங்குனியில், மூக்கு சுத்தமாக இருந்த நாளில். மூன்றாம் மாதம் ஆடியோகிராம் எடுத்தபோது இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருந்த இடைவெளி 35 டெசிபலிலிருந்து 15 ஆகியிருந்தது. அன்று திரும்பும்போது பஸ்ஸில் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் உட்கார்ந்துவிட்டேன், கண்டக்டர் இடது பக்கமிருந்து சில்லறை கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். கிணற்றுக்கு டாக்டர் அனுமதி கொடுத்தது ஆறாவது மாதம். வாஸ்லின் பஞ்சு வைத்துக்கொண்டு படியில் இறங்கித்தான் குளிக்கிறேன், மேலிருந்து குதிப்பதில்லை.